யாழ்ப்பாணத்து ஹிப்ஹொப்: பாடுகிறவர் இருக்கிறார், டிஜேயும் ஆட்டமும் ஊரும் எங்கே?

சுழல்தட்டு (கொக்குவில்)

கடந்த சில வருடங்களாக யாழ்ப்பாணத்தில் வெளியாகும் சொல்லிசை (ராப்) பாடல்களைத் தொடர்ந்து கேட்டு வருகிறேன். பாடல்களுக்கும் குறைவில்லை, திறமைக்கும் குறைவில்லை. ஒரு மைக்கும் கணினியும் இருந்தால் படுக்கையறையிலேயே பாட்டு முடிந்துவிடுகிறது. ட்ரோன் கமெராவில் பண்ணைப் பாலத்தையும் கோட்டையையும் மேலிருந்து படம் பிடித்து யூடியூப்பில் ஏற்றிவிடுகிறார்கள். ஆனால் ஹிப்ஹொப் என்று நாம் அழைப்பது இதைத்தானா என்ற கேள்வி என்னை விடுவதில்லை. பாடுகிறவர், டிஜே, ஆடுகிறவர், சுவரில் எழுதுகிறவர் எல்லோரும் சேர்ந்ததுதான் ஹிப்ஹொப். இங்கே பாடுகிறவர் இருக்கிறார். இசைத்தட்டுப் போடுகிற டிஜே இல்லை. ஆடுகிறவர் காணொளியின் பின்னணியில் நிற்கிறார். சுவரில் எழுதுகிறவர் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, எதிரே நின்று கேட்கிற ஊர் இல்லை.

தொடக்கக் கதை இங்கு பலருக்குத் தெரிந்திருக்கும். இருந்தாலும் விவரமாகவே சொல்கிறேன், என் வாதம் அந்த விவரங்களில்தான் நிற்கிறது. 1973 ஆகஸ்ட் 11, நியூயோர்க்கின் பிரொங்ஸ் பகுதி, செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் இலக்க அடுக்குமாடி. அங்கே குடியிருந்தவர்களுக்கு ஒரு பொது மண்டபம் இருந்தது. சின்டி கம்பெல் என்ற இளம்பெண், பாடசாலை தொடங்குமுன் புது உடுப்பு வாங்கப் பணம் சேர்ப்பதற்காக அந்த மண்டபத்தில் ஒரு விருந்து வைத்தார். நுழைவுக் கட்டணம் பெண்களுக்கு 25 சதம், ஆண்களுக்கு 50 சதம். இசை போட்டவர் அவருடைய அண்ணன் கிளைவ். ஜமேக்காவின் கிங்ஸ்டனில் பிறந்து, பன்னிரண்டு வயதளவில் நியூயோர்க்குக்கு வந்தவர். உலகம் அவரை டிஜே கூல் ஹேர்க் என்று அறியும்.

ஒரு பாட்டில் குரல் ஓய்ந்து தாளம் மட்டும் ஒலிக்கிற இடம் வரும்போதுதான் ஆடுகிறவர்கள் துள்ளி இறங்குகிறார்கள் என்பதை ஹேர்க் கவனித்தார். அந்த இடம் சில விநாடிகளில் கடந்துவிடும். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு சுழல்மேசைகளில் வைத்து, ஒன்றில் அந்த இடம் முடிகிறபோது மற்றதில் அதன் தொடக்கத்தைப் பிடித்து, அதை நீட்டிக்கொண்டே போனார். ஆடுகிறவர்களின் காலைப் பார்த்து டிஜே தாளத்தை நீட்டினார். கூட்டத்தை உசுப்ப அவருடைய நண்பர் கோக் லா ரொக் மைக்கில் ஓரிரு வரி சொன்னார். பாடுகிறவர் எல்லோருக்கும் பின்னால் வந்து சேர்ந்தவர்.

ஆறு வருடங்கள் இது மண்டபங்களிலும் பூங்காக்களிலும் வளர்ந்தது. 1979இல் நியூஜேர்சியிலிருந்த ஓர் இசை நிறுவனம் மூன்று இளைஞர்களைச் சேர்த்து 'ராப்பர்ஸ் டிலைட்' என்ற பாட்டை வெளியிட்டது. பிரொங்ஸ் பூங்காக்களில் பெயர் எடுத்த யாரும் அதில் பாடவில்லை. அந்தத் தட்டில் டிஜேயும் இல்லை. பின்னணித் தாளத்தை வாத்தியக்காரர்கள் வாசித்தார்கள். உலகம் முழுவதும் போனது அந்தப் பாட்டுத்தான். பூங்காவும் ஆட்டமும் டிஜேயின் கையும் அங்கேயே தங்கிவிட, குரல் மட்டும் கடல் கடந்தது. நமக்கு வந்து சேர்ந்ததும் அந்தக் குரல்தான்.

ஆகவே வேருக்குத் திரும்புவோம் என்று யாராவது சொன்னால், எந்த வேர் என்று நான் கேட்கிறேன். பீட் என்கிற பின்னணித் தாளத்தில் ஒரு நாதஸ்வரத் துண்டைச் சேர்ப்பதை இங்கே வேர் என்கிறார்கள். எனக்கு அது அலங்காரமாகத்தான் படுகிறது. ஊர் கூடி நிற்கிற இடமும், அந்த இடத்தில் பாடுகிறவர் முகத்துக்கு முகம் பதில் சொல்ல வேண்டிய கட்டாயமும்தான் வேர். அது யாழ்ப்பாணத்தில் இன்று இல்லை. அதை எப்படி உண்டாக்குவது என்று கதைப்போம்.

குருநகர் இளையவன்

அண்ணா, உங்கள் ஆதங்கம் விளங்குகிறது. ஆனால் படுக்கையறையில் பாட்டுச் செய்கிறவர்களைக் குறை சொல்லுமுன், நாங்கள் ஏன் படுக்கையறைக்குப் போனோம் என்றும் கேட்டிருக்க வேண்டும். மண்டபம் எடுத்தால் ஒரு மாலைக்குக் கேட்கிற வாடகை என் ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பங்கு. சந்தியில் நாலு பேர் கூடி நின்று பாடினால், அடுத்த வீட்டுக்காரர் எங்கள் வீட்டில் போய் முறையிடுவார். பொலிஸ் வாகனம் நின்று அடையாள அட்டை கேட்கும். மதவில் உட்கார்ந்திருக்கிற எந்த இளைஞனையும் இந்த ஊர் சந்தேகத்தோடுதான் பார்க்கிறது.

என் பாட்டை முதலில் கேட்டுப் பாராட்டியவர்கள் பாரிஸில் இருக்கும் என் மாமாவின் பிள்ளைகள். என் ஒழுங்கையில் அதுவரை ஒருவருக்கும் நான் பாடுவது தெரியாது. இணையம் இல்லையென்றால் நான் இல்லை. பாட்டுக் கேட்டவர்களின் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் ஒரு கடை எனக்கு விளம்பரப் பாட்டுத் தந்தது. அந்தக் காசில்தான் இப்போதுள்ள மைக்கை வாங்கினேன். பூங்காவில் பாடினால் யார் காசு தருவார்கள்?

பழைய ஒலிபெருக்கி (சுன்னாகம்)

தம்பிமார் இரண்டு பேருக்கும் வணக்கம். ராப் எனக்குப் பழக்கமில்லாத இசை. பேரன் காட்டித்தான் இந்த உரையாடலைப் படித்தேன். ஆனால் நான் ஒலிபெருக்கித் தொழில் செய்தவன். ஓர் ஊரைக் கூட்டி நிறுத்துவதற்கு ஒலி என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியும்.

எழுபதுகளில் கல்யாண வீடு, சாமத்தியச் சடங்கு, கோயில் திருவிழா என்று எதுவானாலும் முதல் நாளே போய்விடுவோம். பனையில் ஏறிக் கூம்பு ஒலிபெருக்கியைக் கட்டி நான்கு திசைக்கும் திருப்பி வைப்போம். எந்தச் செட்டின் ஒலி தூரம் போகிறது, எது கரகரப்பில்லாமல் கேட்கிறது என்று ஊருக்கு ஊர் போட்டி இருந்தது. ஆனால் எங்கள் பெயர் தங்கியிருந்தது தட்டுத் தெரிவில். விடியும்போது பக்திப் பாட்டு. மணமக்கள் வரும்போது ஒன்று. பந்தி முடிந்து இளவட்டங்கள் பந்தலின் ஓரத்தில் சேரத் தொடங்கினால் ஏ. ஈ. மனோகரனின் துள்ளிசையோ நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே' பாட்டோ. பந்தலில் நிற்கிறவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் அடுத்த தட்டில் கை வைப்போம். நீங்கள் சொன்ன அந்த ஹேர்க் என்ற மனிதர் செய்ததில் பாதியை இங்கே ஒவ்வொரு ஒலிபெருக்கிக்காரனும் செய்துகொண்டிருந்தான். மறுபாதி, அந்தத் தாளத்தை வெட்டி நீட்டுகிற வித்தை, அவருடையது. அதற்கு ஒரு கும்பிடு.

பிறகு 1990. போரில் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பற்றரியும் தடைப்பொருட்களில் ஒன்றாக இருந்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் பிறந்த மின்சாரத்தில் வானொலியும் கசெட்டும் கேட்டோம். இன்றைய பிள்ளைகள் இதைக் கேள்விப்பட்டிருப்பார்கள், பலர் பார்த்திருக்க மாட்டார்கள். சுற்றுகிற கை தளர்ந்தால் பாடுகிறவரின் குரல் இழுபட்டுத் தாழ்ந்துவிடும். வேகமாகச் சுற்றினால் பயனில்லை, ஒரே சீராகச் சுற்ற வேண்டும். ஒருவர் களைக்குமுன் அடுத்தவர் கையை வைக்க வேண்டும், இடையில் பாட்டு அறுந்துவிடக் கூடாது. எங்கள் வளவில் அப்படிச் சுற்றுவதற்கென்றே சிறுவர்கள் போட்டி போட்டு நிற்பார்கள். தனியாக ஒருவன் பாட்டுக் கேட்பது அந்தக் காலத்தில் நடவாத காரியம். 1995இல் இடம்பெயர்ந்தபோது என் பெட்டிகளையும் கூம்புகளையும் விட்டுவிட்டுத்தான் போனேன். திரும்பி வந்தபோது ஒன்றும் இருக்கவில்லை. அது வேறு கதை.

இளையவன் தம்பி, காசு பற்றி நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. எங்களுக்கு யார் காசு தந்தார்கள்? வீட்டுக்காரர் தந்தார், கோயில் தந்தது. ஊரில் ஒரு நிகழ்வு இருந்தது, அதற்கு நாங்கள் தேவைப்பட்டோம். உங்களை ஊருக்குத் தேவைப்படுகிறவராக ஆக்குகிற நிகழ்வு எது என்று யோசியுங்கள்.

சுழல்தட்டு

ஐயா, பூங்காக்களில் விருந்து வைத்தபோது ஹேர்க் தெருவிளக்குக் கம்பத்திலிருந்து மின்சாரம் எடுத்தார். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம்முடைய டைனமோதான் நினைவுக்கு வரும். ஆனால் சீராகச் சுற்றுகிற கையைப் பற்றி நீங்கள் எழுதியதை இதுவரை நான் எங்கும் படித்ததில்லை. தயவுசெய்து இதை விரிவாக எழுதுங்கள். யாழ்ப்பாணத்தில் ஒலியின் வரலாறு என்று ஒன்று எழுதப்பட வேண்டும், அதை உங்களைப் போன்றவர்களால்தான் எழுத முடியும்.

வடமராட்சிக்காரி

முதல் பதிவில் சின்டி கம்பெல் என்ற பெயர் வந்ததற்கு நன்றி. ஹிப்ஹொப் வரலாறு சொல்கிற பல பேர் அவரை ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள். விருந்தை நினைத்தவர், ஒழுங்கு செய்தவர், கட்டணத்தை வைத்தவர் எல்லாம் அந்தப் பெண்தான்.

நான் பருத்தித்துறையில் இருந்து எழுதுகிறேன். பாட்டு எழுதுகிறேன், பாடுகிறேன். இதுவரை முகம் காட்டி ஒன்றும் வெளியிட்டதில்லை. காரணம் சொல்கிறேன். இங்கே இளைஞர்கள் கூடிப் பாட்டுப் போட்டி வைத்த ஓர் இடத்துக்கு என் தம்பியோடு போனேன். ஒருவரை ஒருவர் தாக்கிப் பாடுவது இந்தக் கலையின் ஒரு பகுதி என்று எனக்குத் தெரியும். ஆனால் தாக்குதல் முழுவதும் எதிராளியின் தாயையும் தங்கையையும் பற்றியதாகவே இருந்தது. கூட்டம் சிரித்தது. மைக் என் பக்கம் வரவே இல்லை. இதையும் ஊர் கூடுவது என்று சொல்லலாமா, சுழல்தட்டு அண்ணா? கூட்டம் கூடினால் போதும் என்பதுபோல நீங்கள் எழுதியது எனக்குப் போதவில்லை.

இன்னொன்று. வாளோடு நின்று படம் எடுத்துப் பாட்டுக்குப் போடுகிற பழக்கம் வந்திருக்கிறது. வாள்வெட்டுக்கு ஆளான குடும்பங்கள் வாழ்கிற ஊர் இது. வேரைப் பற்றிப் பேசுகிறவர்கள் 1971ஐயும் பேச வேண்டும். ஹேர்க்கின் விருந்துக்கு ஏறக்குறைய இருபது மாதங்களுக்கு முன்பு பிரொங்ஸின் பல பகுதிகள் தெருக் குழுக்களின் கையில் இருந்தன. கெட்டோ பிரதர்ஸ் என்ற குழுவில் சமாதானம் பேசுகிற பொறுப்பில் இருந்த பிளாக் பென்ஜி என்ற இளைஞர், இரண்டு தரப்புக்கு நடுவே மோதலைத் தடுக்கப் போய்க் கொல்லப்பட்டார். பெரிய பழிவாங்கல் நடக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவருடைய குழுவினர் பழி வாங்க மறுத்தார்கள். டிசம்பர் 8ஆம் திகதி ஹோ அவென்யூவில் ஒரு சிறுவர் கழக மண்டபத்தில் பல குழுக்கள் கூடிச் சமாதான உடன்பாடு செய்தன. ஒரு தெருவின் பிள்ளை இன்னொரு தெருவின் விருந்துக்கு உயிர்ப்பயம் இல்லாமல் நடந்து போக வழி அப்படித்தான் பிறந்தது. அந்த வழி இல்லாமல் 1973 இல்லை. வாளைப் பிடித்துக்கொண்டு நான் ஹிப்ஹொப் என்று சொல்கிறவர் அந்த வரலாற்றை மிதித்து நிற்கிறார்.

கூடல் வைப்பதென்றால் என் நிபந்தனைகள்: பகலில் வையுங்கள். மைக் முறை வைத்துப் போகட்டும். தாய், தங்கை, சாதி, இவற்றைத் தொட்டால் மைக்கை வாங்கிவிட வேண்டும். இவை இருந்தால் நான் முகத்தோடு வருகிறேன்.

குருநகர் இளையவன்

அக்கா, வாள் பிடித்துப் படம் எடுப்பதை நானும் வெறுக்கிறேன். என் வகுப்பில் படித்த ஒருவன் அந்தப் பாதையில் போய் இன்று சிறையில் இருக்கிறான். நிபந்தனைகள் மூன்றுக்கும் சம்மதம்.

இணுவில் தனி

தவில் வீட்டில் பிறந்தவன், இன்றும் வாசிக்கிறேன். நாதஸ்வரத் துண்டைச் சேர்ப்பது அலங்காரம் என்று முதல் பதிவில் எழுதியிருப்பதோடு முழுவதும் உடன்படுகிறேன். எங்கள் வாசிப்பைப் பதிவுசெய்து, அதில் நான்கு விநாடியை வெட்டி, பாட்டு முழுவதும் திருப்பித் திருப்பி ஓடவிட்டு, மண் வாசனை என்று போடுகிறார்கள். வாசித்தவரின் பெயர் எங்கும் இல்லை.

எங்களிடமிருந்து எடுக்க வேண்டியது ஒலியைவிடக் கணக்கு. தவில்காரன் கையில் பழகுமுன் வாயில் சொல்லிப் பழகுகிறான். தகதிமி என்றால் நான்கு, தகதகிட என்றால் ஐந்து, தகிடதகதிமி என்றால் ஏழு. ராப் பீட் பெரும்பாலும் ஒரு சுற்றுக்குப் பதினாறு மாத்திரையாக ஓடுகிறது. அதன்மேல் சொல்லை ஐந்தைந்தாக அடுக்கிப் பாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் அழுத்தம் இடம் மாறி விழும், கேட்கிறவனுக்கு நிலம் நழுவுகிறதுபோல இருக்கும், ஐந்தாவது சுற்று முடிகிற இடத்தில் இரண்டும் ஒன்றாக வந்து இறங்கும். அந்த இறங்கலுக்குத்தான் கோயில் வீதியில் ஊர் காத்திருந்து தலையாட்டியது. அருணகிரிநாதரின் திருப்புகழைச் சந்தம் பிரித்துப் படித்த பிள்ளைக்கு இது புதிதாக இருக்காது. அது இசைக் கல்லூரிக்காரர்களின் சொத்து என்று நினைத்து ராப் பாடுகிறவர்கள் பக்கத்தில் வருவதில்லை. என் வீட்டுக்கு வாருங்கள், சொல்லித் தருகிறேன்.

போட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அளவெட்டியில் வாழ்ந்த தவில் மேதை தட்சிணாமூர்த்தி (1933–1975) தமிழ்நாட்டின் பெரிய வித்துவான்களோடு ஒரே மேடையில் தனி வாசித்தவர். இரண்டு தவில் எதிரெதிரே நின்றால் அது போர்தான். ஒருவர் போட்ட கணக்கை மற்றவர் வாங்கி, அதை இன்னும் சிக்கலாக்கித் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுக்க முடியாதவர் அந்த இடத்திலேயே ஊருக்கு முன்னால் தோற்றுப்போவார். அதற்கு யாருடைய தாயையும் இழுக்கத் தேவை இருக்கவில்லை. தங்கச்சி வடமராட்சிக்காரி சொன்ன நிபந்தனை எங்கள் வீதிகளில் எழுதாமலே இருந்த சட்டம்.

பெயர் சொல்ல விரும்பாதவர்

தவில் அண்ணா எழுதியது நல்லது. ஆனால் கோயில் வீதி என்று எல்லோரும் இனிமையாக எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த வீதிக்குள் எங்கள் ஆட்களை விடாத காலம் ஒன்று இருந்தது. சில இடங்களில் அது வெகுகாலம் நீடித்தது.

என் பாட்டனார் பறை அடித்தவர். ஊரில் சாவு விழுந்தால் ஆள் வரும், போயே ஆக வேண்டும். அந்தக் கட்டாயத்தை மறுத்துத்தான் என் அப்பா பறையைத் தொடவில்லை, எங்களையும் தொட விடவில்லை. இப்போது ராப் பாட்டுக்காரர்கள் சிலர் வந்து, பறை தமிழனின் ஆதி இசை, நீங்கள் அதை விட்டுவிட்டது பிழை என்று எங்களுக்கே புத்தி சொல்கிறார்கள். விட்டது எங்கள் மானத்துக்காக. எடுப்பதும் விடுவதும் நாங்கள் தீர்மானிக்க வேண்டியது.

2018 ஜனவரியில் சென்னையில் 'த காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற இசைக்குழு முதன்முதலாக மேடை ஏறியபோது நான் இங்கே தொலைபேசியில் பார்த்து அழுதேன். சென்னைக் கானாப் பாட்டும் பறையும் ராப்பும் ஒரே மேடையில் இருந்தன, அவற்றுக்கு உரியவர்களே நின்று பாடினார்கள். அந்த மேடையில் நின்ற அறிவு என்ற பாடகர், 2021இல் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி' பாட்டில் தன் பாட்டி வள்ளியம்மாளைக் கொண்டுவந்தார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர் அவர். அதே வருடம் ஓர் இசைப் பத்திரிகையின் இந்தியப் பதிப்பு அந்தப் பாட்டைக் கொண்டாடி அட்டை போட்டபோது, எழுதிப் பாடிய அறிவின் முகம் அதில் இல்லை. வேர், வேர் என்று பேசுகிற இடங்களில்தான் வேராக இருந்தவர்கள் விடுபடுகிறார்கள். உங்கள் கூடலில் பறை வேண்டுமென்றால், பறை அடிக்கத் தெரிந்தவரை அழையுங்கள், மற்றவர்களுக்குத் தருகிற கூலியை அவருக்கும் தாருங்கள், அவரை நாற்காலியில் உட்கார வையுங்கள், மைக்கைக் கொடுத்து அவருக்கு என்ன சொல்ல இருக்கிறது என்று கேளுங்கள்.

சுழல்தட்டு

இந்தப் பதிவுக்கு நான் பதில் எழுதப் போவதில்லை. அதில் சொன்னபடி செய்வதே பதில்.

ஸ்காபரோ பிள்ளை

ரொரன்ரோவிலிருந்து எழுதுகிறேன். வேர் என்றால் ஓர் இடத்தில் ஊன்றி நிற்பது என்ற எண்ணத்தோடு எனக்கு முரண்பாடு உண்டு. ஹேர்க் ஜமேக்காவிலிருந்து வந்தவர். இசைத்தட்டைக் கையால் அளந்து பிடிக்கிற நுட்பத்தை வளர்த்த கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் பார்படோஸில் பிறந்தவர். பெரிய ஒலிபெருக்கிப் பெட்டிகளைத் தெருவில் வைத்து, தட்டின்மேல் பேசிப் பாடுகிற பழக்கம் கிங்ஸ்டன் தெருக்களில் முன்பே இருந்தது. புலம்பெயர்ந்த பிள்ளைகள் புதிய ஊரின் தட்டுகளோடு பழைய ஊரின் பழக்கத்தைச் சேர்த்தார்கள், ஹிப்ஹொப் வந்தது. அப்படியென்றால் எங்களைப் போன்றவர்களுக்கு இது இரவல் கலை என்று சொல்ல முடியாது.

எம்.ஐ.ஏ. என்ற ராப் பாடகி மாதங்கி அருள்பிரகாசத்தைப் பாருங்கள். இலண்டனில் பிறந்து, சிறு வயதை யாழ்ப்பாணத்தில் கழித்து, அகதியாக இலண்டன் திரும்பியவர். 'அருளர்' ஆல்பம் 2005இல் வருவதற்கு முன், கையில் கிடைத்த ரோலண்ட் எம்சி-505 என்ற ஒரு சிறிய கருவியில் தன் பாட்டுகளை அமைத்தார். மலேசியாவின் ராப் குழுவான யோகி பி அண்ட் நட்சத்ரா 2006இல் 'வல்லவன்' ஆல்பத்தை வெளியிட்டபோது, தமிழில் இவ்வளவு இறுக்கமாகச் சொல் அடுக்க முடியும் என்று நாங்கள் வியந்தோம். இங்கே ஷான் வின்சென்ட் டி போல், யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் வளர்ந்தவர், யாஞ்சனின் மிருதங்கத்தோடு மாறி மாறிப் பாடினார். அந்தக் காணொளிகளில் மிருதங்கக்காரர் பின்னணியில் இல்லை, பாடுகிறவருக்குச் சமமாக முன்னால் இருக்கிறார். இணுவில் அண்ணா கேட்பதும் அதுதான் என்று நினைக்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் இருக்கிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் பாட்டுகளில் சென்னைப் பேச்சைக் கேட்கிறபோது மனம் சோர்ந்துபோகிறது. என் அம்மம்மா கதைக்கிற தமிழை ஒரு பீட்டின்மேல் கேட்க வேண்டும் என்று நான் இங்கே காத்திருக்கிறேன். அந்தத் தமிழை எங்களால் இனிச் செய்ய முடியாது. எங்கள் நாக்கு மாறிவிட்டது.

வடமராட்சிக்காரி

தம்பி, நான் எழுதுவது முழுவதும் என் அம்மம்மா கதைக்கிற தமிழில்தான். மீன் வாங்குகிற இடத்தில் பெண்கள் விலை பேசுகிற வேகத்தைப் பிடித்தாலே பாட்டு அமைந்துவிடுகிறது. அதைச் சென்னைப் பேச்சுக்கு மாற்றினால் மேலும் பலர் கேட்பார்கள் என்று ஓர் இசையமைப்பாளர் சொன்னார். மாற்ற மறுத்துவிட்டேன்.

தரைச்சுழலி

முதல் பதிவுக்குப் பிறகு ஆடுகிறவர்களைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாண நகரத்தில், தரையில் சுழன்று ஆடுகிற பிரேக்கிங் பழகுகிற ஒரு சிறு கூட்டம் நாங்கள். 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரேக்கிங் இடம்பெற்றது. ஜப்பானின் ஆமி பெண்களிலும் கனடாவின் ஃபில் விசார்ட் ஆண்களிலும் தங்கம் வென்றார்கள். அந்த இரண்டு நாளும் வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துக் காட்டினேன். அதுவரை கூத்தாடுகிறான் என்று ஏசிய அப்பா அன்றைக்கு ஏசவில்லை. ஆனால் 2028 லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் அது இல்லை. பெரிய மேடைகள் தங்கள் வசதிக்கு அழைத்துக்கொள்ளும், வசதிக்கு அனுப்பிவிடும். எங்களுக்கு வேண்டியது தரை. ஒரு வழவழப்பான தரையும், எங்களைப் பார்த்துத் தாளம் போடுகிற ஒரு டிஜேயும். இப்போது தொலைபேசியில் பாட்டைப் போட்டுவிட்டு, அது எங்கே நிற்கிறதோ அங்கே நாங்களும் நிற்கிறோம்.

சுழல்தட்டு

எல்லோருடைய பதிவுகளையும் திரும்பத் திரும்பப் படித்தேன். ஸ்காபரோ தம்பி, வேர் நடமாடும் என்பதை ஏற்கிறேன். ஆனால் அது போய்ச் சேர்ந்த ஒவ்வோர் ஊரிலும் ஒரு களத்தைக் கண்டுபிடித்துத்தான் பிழைத்தது. களம் போனால் கலைக்கு என்ன ஆகும் என்பதற்கு நம்மிடமே பழைய பாடம் ஒன்று உண்டு. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கூத்தை மீட்டெடுத்தார். அந்த முயற்சி இல்லாவிட்டால் படித்தவர்கள் கூத்தைத் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள், அந்த நன்றி என்றும் உண்டு. ஆனால் வட்டக்களரியில் சுற்றியிருந்து விடியவிடியப் பார்த்த கூத்து, ஒரு பக்கம் மட்டும் திறந்த மேடைக்கு வந்து சில மணி நேரத்துக்குள் அடங்கியது. சுற்றி நின்றவர்கள் எதிரே உட்கார்ந்து பார்க்கிறவர்களாக மாறினார்கள். அதில் பெற்றது எது, இழந்தது எது என்ற விவாதம் நம் நாடக அறிஞர்களிடையே இன்றும் ஓயவில்லை. ஹிப்ஹொப்பில் ஆடுகிறவர்களும் பாடுகிறவர்களும் நிற்கிற வட்டம் நமக்கு அந்நியமானதாக இருக்க முடியாது. குருநகரிலும் பாசையூரிலும் கூத்துப் பழக்கிய அண்ணாவிமாரின் பேரப்பிள்ளைகள்தான் இன்று ராப் பாடுகிறார்கள்.

இடத்துக்கு ஒரு யோசனை. இளையவன் தம்பி மண்டப வாடகை பற்றி எழுதினார். நம் ஒவ்வோர் ஊரிலும் சனசமூக நிலையம் இருக்கிறது. வாசிகசாலை, ஒரு சின்ன மண்டபம், முன்னால் ஒரு முற்றம். பல இடங்களில் காலையில் பத்திரிகை படிக்க நாலு முதியவர்கள் வருகிறார்கள், மாலையில் பூட்டிக் கிடக்கிறது. செட்ஜ்விக் அவென்யூவில் இருந்ததும் குடியிருந்தவர்களுக்குப் பொதுவான ஒரு மண்டபம்தான். எங்கள் நிலையத்தின் தலைவரோடு கதைத்தேன். மாணவர்களுக்கான ஒரு நிகழ்ச்சி என்றால், வாசிகசாலைக்குப் புத்தகம் வாங்கச் சிறு கட்டணம் வைக்கலாம் என்றால், தருவதற்குத் தயார் என்றார். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குத் தொடங்கி ஆறு மணிக்கு முடிப்பதாக உத்தேசம்.

பழைய ஒலிபெருக்கி (சுன்னாகம்)

முற்றத்தில் ஒலிபெருக்கி வைப்பதானால் பொலிஸ் நிலையத்தில் முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டும். கடைசி நாள்வரை விடாதீர்கள். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2007இல் உயர் நீதிமன்றம் சொன்னதால் பின்னேரம் வைப்பதுதான் நல்லது. கடிதத்தை நிலையத்தின் தலைப்புத் தாளில் எழுதி, பொறுப்பாளர் ஒருவரின் பெயரும் தொலைபேசி இலக்கமும் போடுங்கள். பெட்டிகள் என் மகனிடம் இருக்கின்றன, வாடகை வேண்டாம், ஏற்றி இறக்க ஆள் தாருங்கள். மின்பிறப்பாக்கி ஒன்றும் கொண்டுவருகிறேன். இரண்டு சுழல்மேசை இருக்கிறதா, அல்லது கணினியில்தான் போடப் போகிறீர்களா?

சுழல்தட்டு

ஒன்று என்னிடம் இருக்கிறது, இன்னொன்று தெல்லிப்பழையில் ஒரு நண்பரிடம். ஒரே தட்டின் இரண்டு பிரதிகள் கிடைப்பதுதான் கஷ்டம். உங்கள் பழைய துள்ளிசைத் தட்டுகளில் இரட்டைப் பிரதி ஏதாவது தப்பியிருந்தால் சொல்லுங்கள், ஐயா.

குருநகர் இளையவன்

காணொளி எடுக்கலாமா? எடுக்காவிட்டால் நடந்ததே யாருக்கும் தெரியாது. வெளிநாட்டில் இருப்பவர்கள் பார்த்தால்தானே அடுத்த கூடலுக்கு உதவுவார்கள்?

வடமராட்சிக்காரி

வேண்டாம் என்பது என் கருத்து, முதல் தடவையாவது. தொலைபேசியைத் தூக்கிய உடனே எல்லோரும் அதற்காகப் பாடத் தொடங்கிவிடுவார்கள். வருகிற பெண்பிள்ளைகளின் படம் யார் யார் கையில் போய்ச் சேரும் என்பதும் தெரியாது.

ஸ்காபரோ பிள்ளை

பார்க்க முடியாதது எனக்குக் கவலைதான். ஆனாலும் அக்காவோடு உடன்படுகிறேன். ஒலியை மட்டும் பதிவுசெய்து, பாடியவர்கள் சம்மதித்தால் பிறகு அனுப்புங்கள். பெட்டி ஏற்றுகிற லொறிச் செலவை நான் தருகிறேன்.

குருநகர் இளையவன்

ஒலி மட்டும் என்றால் சரி. ஆனால் இரண்டாவது கூடலில் இதைத் திரும்பக் கதைக்க வேண்டும், நான் விடமாட்டேன்.

இணுவில் தனி

நான் தவிலோடு வருகிறேன். முதலில் பாடவோ வாசிக்கவோ யாரைக் கேட்பீர்களோ தெரியாது, பெயர் சொல்ல விரும்பாதவர் எழுதியதைப் படித்த பிறகு அந்த இடம் என்னுடையது இல்லை என்று நினைக்கிறேன். பறை அடிக்கிறவர் சம்மதித்தால் அவர் தொடங்கட்டும், நான் அவருக்குப் பின்னால்.

பெயர் சொல்ல விரும்பாதவர்

என் சித்தப்பாவுக்கு அடிக்கத் தெரியும். கேட்டுப் பார்க்கிறேன். அவர் மறுத்தால் யாரும் வற்புறுத்தக் கூடாது.

தரைச்சுழலி

நிலைய முற்றம் மணலா, சீமெந்தா?

சுழல்தட்டு

முற்றம் மணல். மண்டபத்தின் உள்ளே சீமெந்து, ஆனால் நடுவில் ஒரு வெடிப்பு இருக்கிறது. சனிக்கிழமை காலையில் வந்தால் நீங்களே பார்க்கலாம், திறப்பு என்னிடம் இருக்கும்.